படையலில் வைக்காத வைன்

கண்ணுக்கு மறைந்தும் என் பேச்சுத் துணையாகவே இருக்கிற பூமணி அக்காவுக்கு,

அடுத்த மாதம் உனக்கு ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தம்பி ரொறன்ரோவிலிருந்து வருவதற்கு ரிக்கற் எடுத்துவிட்டான். நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் எல்லாம் விசாரித்தான். ஐயருக்குச் சொல்லியாயிற்றா, சமையலுக்கு ஆள் பிடித்தாயிற்றா, குறிகாட்டுவான் துறையிலிருந்து வருகிற சனத்துக்குப் படகு ஒழுங்கா என்று. பிறகு, ஐயர் போன பின்னர் வீட்டுக்குள்ளே வைக்கிற படையலைப் பற்றிக் கேட்டான்.

"அக்காவுக்கு விருப்பமான சாமான் எல்லாம் யோசிச்சு வை, சின்னக்கா. ஒண்டும் குறையக்கூடாது."

"ஒண்டுதான் குறையுது," என்றேன். "வைன்."

வைன் என்றதும் அவன் குரல் ஏறிவிட்டது.

"திரும்பவும் துவங்கிறியோ?" என்றான். "அதை வைச்சியெண்டால் நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டன். கொழும்பிலை நிண்டிட்டு அப்பிடியே திரும்பிப் போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு இல்லை, அக்கா. நாங்கள் மூன்று பேர் பிறந்தோம். நீ போய்விட்டாய். நான் கலியாணம் கட்டாதவள். அவனும் வாசல் மிதிக்காவிட்டால் எனக்கு என்று யார்? ஒரு கிளாஸ் வைனுக்காக ஒரு தம்பியை விடுவதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு, ஒரு கிளாஸ் வைனுக்காக ஒரு அக்காவை விடலாமா என்றும் கேட்கிறேன். இரண்டு கேள்வியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

உன் எட்டுச்செலவு அன்று என்ன நடந்தது என்று உனக்கு யாராவது சொன்னார்களோ தெரியாது. நான் சொல்கிறேன்.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று வெளியே காத்திருக்கிறதுதானே எட்டுச்செலவு? நான் உனக்கு விளைமீன் குழம்பு வைத்தேன். முருங்கையிலை வறை, ஒடியற்கூழ், நீ பிரான்சிலிருந்து வரும்போது பழகிக்கொண்டு வந்த அந்த உப்புச் சீஸ், எல்லாம் வைத்தேன். கடைசியாக உன் வைன் போத்தல் ஒன்றையும் கிளாசையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தேன். செத்தவீட்டுக்கு வந்து நின்ற தம்பி கதவடியில் மறித்தான்.

"உதென்ன?"

"அக்கா சாப்பாட்டோடை குடிக்கிறது."

"விசரே உனக்கு? பொம்பிளைக்குச் சாராயம் படைக்கிறதோ? இது கோயில் இருக்கிற ஊர்."

"சாராயமில்லை, வைன்."

"ரண்டும் ஒண்டுதான். சனம் என்ன கதைக்கும்?"

பின்னால் நின்ற பரமேஸ் மாமி, நம் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரி, தன் பங்குக்குச் சொன்னாள்: "விடு மலர். பிரான்சிலை பழகின பழக்கம் அங்கையே போகட்டும். பாவம், போற இடத்திலையாவது நல்ல பேரோடை போகட்டுமன்."

அக்கா, உனக்கு அன்று வைத்தது சிவப்புச் சோடா. நீ வாழ்நாளில் சோடா குடித்ததை நான் கண்டதில்லை. கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து, கிளாசில் ஊற்றி, "பார்க்க வைன் மாதிரித்தானே இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அத்தானின் எட்டுச்செலவைப் பற்றி நான் சொன்னது உனக்கு ஞாபகமிருக்குமா? நீ பாரிசில் இருந்தாய், இங்கே அவருடைய தமையன் வீட்டில் செய்தார்கள். தம்பி அப்போது கனடாவுக்குப் போயிருக்கவில்லை. அவன்தான் முன்னுக்கு நின்றான். விஸ்கிப் போத்தல் ஒன்று, சிகரெட் பெட்டி ஒன்று, நெருப்புப் பெட்டி ஒன்று, பக்கத்தில் பொரித்த கோழிக்கால். "மூடியைத் திறந்து வை. மூடிக்கிடந்தால் மனுசன் என்னண்டு குடிக்கிறது?" என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். கோயில் அன்றைக்கும் அதே இடத்தில்தான் இருந்தது.

அந்த விஸ்கிதான் அவரைக் கொன்றது. அதற்கு முன் உன்னையும் பாதி கொன்றது. உன் இடது காது கேளாமல் போனது எப்படி என்று நான் கேட்டபோதெல்லாம் நீ "குளிர்" என்றாய். பாரிசின் குளிர் ஒரு காதை மட்டும் பார்த்து அடிக்குமோ? அப்படிப்பட்ட மனுசனுக்குப் படையலில் விஸ்கி. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடித்துவிட்டுக் கோப்பை கழுவி வைத்துவிட்டுப் படுத்த உனக்குச் சோடா. நான் படிப்பித்த பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகக் கொடுத்திருந்தால், எங்கோ பிழை இருக்கிறது ரீச்சர் என்று எழும்பி நின்று சொல்லியிருப்பார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஆறியிருப்பேன். உன் எட்டுச்செலவுக்கு அடுத்த நாள் காலையில் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். செத்தவீட்டுத் துடக்கு, உள்ளே போக ஏலாதுதானே. கிணற்றுக் கட்டில் உன் போத்தல்கள் எல்லாம் கழுவித் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. தேசிமரத்தடியில் மண் ஊதா நிறமாக இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

"எல்லாம் பழுதாப் போச்சு, சின்னக்கா," என்றான் தம்பி. கோபமாகக்கூட இல்லை, உதவி செய்த முகத்தோடு சொன்னான். "அடியிலை ஒரே மண்டி. மணந்து பாத்தனான், புளிச்ச மணம். ஆராவது பொலிசுக்குச் சொன்னாலும் வில்லங்கம். போத்தில் நல்ல போத்தில், நல்லெண்ணெய் விட்டு வைக்கலாம்."

உன் கையால் செய்த கடைசி வைன் அது. மண்டி இருந்ததால் பழுது என்று ஊற்றிவிட்டார்கள். மண்டி இல்லாவிட்டால்தான் நீ சந்தேகப்பட்டிருப்பாய்.

நீ இந்த வைனைக் கண்டுபிடித்த கதையைத் தம்பி கேட்டதில்லை. அவனுக்குச் சொல்ல நீயும் விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எனக்குத்தான் சொன்னாய். அத்தான் செத்த பிறகு, பாரிசில் ஆஸ்பத்திரி கழுவியது போதும் என்று தெற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு, சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வயதான புருசன் பெண்சாதி வீட்டில் வேலைக்குப் போனாய். முதல் வருடங்களில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஊற்றித் தந்ததை நீ தொடவில்லை. அந்த மணம் வந்தாலே அத்தானின் செருப்புச் சத்தம் கேட்கிறது என்றாய்.

பிறகு ஒரு பழம் பிடுங்கும் காலம் முடிந்த மத்தியானம். எல்லோரும் மரத்தடியில் சாப்பிடும்போது அந்த வீட்டம்மா உன் முன்னால் கிளாசை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் உன்னைப் பார்க்கவில்லை. நீயாக எடுத்துக் குடித்தாய்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"முதல் புளிச்சுது. பேந்து நாக்கிலை எப்பன் கைச்சுது. பேந்து, எடியே, மழை விட்டாப் பிறகு நெடுந்தீவிலை நிண்ட மாதிரி ஒரு மணம். கல்லும் புல்லும்."

"வெறிச்சதோ?"

"ஓம், வெறிச்சு ஆடினனான். போடி. சோறு திண்டால் ஆருக்கும் வெறிக்குமே?"

கடையில் வாங்குவாயோ, விலை கூடவோ என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இஞ்சை ஆர் கடைக்குப் போறது? கானைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரனிட்டைப் போறது, எங்கடை சனம் மண்ணெண்ணெய்க்குப் போற மாதிரி. தொட்டியிலை இருந்து குழாயாலை விடுவினம். பாரிசிலை இதே வைனை இப்ப புதினம் எண்டு விளக்குப் போட்டு விக்கினமாம். இஞ்சை தோட்டக் கூலிக்காரன் குடிக்கிறது."

அப்போது நீ சொல்லித் தந்தவற்றை நான் மறக்கவில்லை. பெயர்பெற்ற ஊரின் பெயர் போட்ட போத்தலைத் தொடாதே, அதில் பாதி விலை பெயருக்கு. பேரில்லாத அடுத்த ஊரில் அதே மண்ணும் அதே பழமும் இருக்கும். செய்கிறவனிடமே நேரே போ. ஈஸ்ட் போடுகிறாயா, மருந்து அடிக்கிறாயா என்று முகத்தைப் பார்த்துக் கேள். சிலர் கோபிப்பார்கள், சிலர் தோட்டத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போவார்கள். கலங்கலாக இருந்தால் பயப்படாதே. ஆனால் கலங்கல் எல்லாம் நல்லதென்றும் நினைக்காதே, எலி மணக்கிற வைனையும் இயற்கை என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உனக்கு எதையும் கண்மூடிப் புகழத் தெரியாது.

ஒன்றும் போடாமல் எப்படிப் புளிக்கும் என்று நான் விடாமல் கேட்டபோது, "பழத்தை மிதிக்கிறது, மூடுறது, பாத்துக்கொண்டிருக்கிறது. தோலிலை இருக்கிறதே மிச்ச வேலையைச் செய்யும்" என்றாய். அடுத்த நாள் ஆறாம் வகுப்பில் இதைத்தான் சொன்னேன், வைன் என்று சொல்லாமல். கள்ளுக்கு யார் ஈஸ்ட் போட்டது பிள்ளைகள்? பனையிலிருந்து முட்டிக்குள் இறங்குகிறபோதே நுரைக்கிறதே, எங்கிருந்து வந்தது? காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவை இனிப்பைத் தின்கின்றன.

நீ ஊருக்குத் திரும்பி வந்து என்னோடு இருந்த அந்தச் சில வருடங்கள்தான் நம் வீட்டில் சிரிப்புக் கேட்ட காலம். யாழ்ப்பாணத்துக் கடையில் தங்க எழுத்துப் போட்ட போத்தலின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த விலைக்கு நான் அங்கை ஒரு மாசம் குடிப்பன்" என்று கடைக்காரனிடமே சொன்னாய். ஊர்காவற்றுறையிலிருந்து வந்து என்னோடு படிப்பித்த லூர்து ரீச்சர் நத்தார்ப் பண்டிகைக்குத் தந்த வைனைக் குடித்துவிட்டு, "நல்ல சீனிப்பாணி. காய்ச்சலுக்குக் குடிக்கலாம்" என்றாய். பிறகுதான் நாமே செய்வோம் என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, பழம் பிடுங்க முன்னர் மருந்தடிக்காத ஒரு கமக்காரரை உரும்பிராயில் பிடித்தாய். இந்த வெக்கையில் கொதித்துக் கெட்டுவிடும் என்று சாடியைக் கிணற்றடி ஈர மணலில் கழுத்துவரை புதைத்தாய்.

முன்விறாந்தைக் கதிரையில் இருந்து, இடியப்பத்தோடு ஒரு கிளாஸ். அதை ஒளித்துக் குடி என்று ஊர் சொல்லியது. பரமேஸ் மாமி வேலிக்கு மேலால் கேட்டே விட்டாள்.

"மெய்யே பூமணி, உள்ளுக்கை இருந்து குடிக்கக்கூடாதே? போற வாற சனம் பாக்குது."

"உங்கடை மனுசன் கள்ளுக்கொட்டிலாலை ரோட்டு முழுக்க அளந்துகொண்டு வரேக்கை சனம் கண்ணைப் பொத்திக்கொண்டே போறது, மாமி?"

மாமி அதன் பிறகு கன நாள் எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வரவில்லை. அந்தக் கோபத்தைத்தான் உன் எட்டுச்செலவில் தீர்த்தாள் என்று நினைக்கிறேன்.

அக்கா, உன் வைனை ஊற்றிவிட்டார்கள். அதனால் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். திவசத்துக்கு வைக்க வேறு வழி தெரியவில்லை. கடையில் ஒரு போத்தல் வாங்கி வைத்தால் அதுவும் இன்னொரு சிவப்புச் சோடாதானே.

உரும்பிராய்க்குப் போய் அதே கமக்காரரிடம் ஒரு பை நிறையக் கறுத்த திராட்சை வாங்கிக்கொண்டு படகேறினேன். பக்கத்தில் இருந்த பெண் பையை விலக்கித் திராட்சையைப் பார்த்தாள்.

"முந்திரிகைப்பழமோ ரீச்சர்? அம்மாளுக்கு அபிசேகமோ?"

"இல்லைப் பிள்ளை, அக்காவுக்கு."

"ஆ, அக்கா பிரான்சிலை இருந்து வந்து நிக்கிறாவோ? கன காலம் கண்டு."

ஓம் என்று சொல்லிவிட்டேன். படகு நயினாதீவுக்கு வந்து சேருமட்டும் நீ உயிரோடு இருந்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நான் செய்த வேலையைக் கேள். கொரோனாக் காலத்தில் பிடித்த பழக்கம், எந்தப் பழம் வந்தாலும் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறது. கை அதுவாகவே அதைச் செய்தது. அன்றைக்கு ஒரு சிட்டிகை கூடுதலாகவே மஞ்சள் போட்டேன், உன் படையலுக்கு என்பதால். திராட்சை பளபளவென்று மினுங்கியது. மிதித்துச் சாடியில் போட்டு மணலில் புதைத்துவிட்டுக் காத்திருந்தேன். நுரை வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேலே வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. தோலில் இருந்த உயிர்களையெல்லாம் நான் பயபக்தியோடு கழுவிக் கொன்றிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்!

அன்று மணலில் குந்தியிருந்து அழுதேன். உன் செத்தவீட்டில் அழாத அழுகை.

திரும்பவும் போனேன். திரும்பவும் பழம். அந்தப் பெண் படகில் இல்லை, நல்லகாலம். இந்த முறை ஒரு பழத்தையும் கழுவவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாளிக்குள் இறங்கி மிதித்தேன். சாடிக்குக் காது கொடுத்துக் கேட்டபோது உள்ளே கொறுகொறு என்று ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. நீ சொன்னபடி தோலை நாளாந்தம் அமுக்கிவிட்டேன், அடங்கிய பிறகு வடித்தேன், போத்தலில் அடைத்து இருட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டிருக்கிறது தவிர எனக்கு வேலை இல்லை.

நேற்றுத் தம்பி தொலைபேசியை வைத்த பிறகு ஒரு போத்தலைத் திறந்தேன். எனக்கு இந்த வயதுவரை கள்ளோ சாராயமோ நாக்கில் பட்டதில்லை என்று உனக்குத் தெரியும். உன் கிளாசில் கொஞ்சம் ஊற்றினேன். கலங்கல்தான். குடித்தேன்.

புளித்தது. பிறகு கைத்தது. கல்லும் புல்லும் எனக்கு மணக்கவில்லை, அக்கா. தொண்டையில் ஒரு சொரசொரப்பு நின்றது. இதற்காகவா இவ்வளவும் என்றும் ஒரு கணம் நினைத்தேன். அதன் பிறகுதான் ஒன்று விளங்கியது. இது நல்ல வைனா, சுமாரா, தேசிமரத்தடியில் ஊற்ற வேண்டியதா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தீவில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, நீ முகத்தைச் சுளித்து ஏதாவது குறை சொல்லுவாயா என்று காத்திருந்தேன். குறையாவது சொல்லியிருக்கலாம்.

இன்று காலையில் நானே தம்பிக்கு எடுத்தேன்.

"வைக்கத்தான் போறன்," என்றேன்.

"அப்ப நான் வரமாட்டன்."

"அத்தானுக்கு விஸ்கி வைச்ச கையாலை அக்காவுக்கு ஒரு கிளாஸ் வைக்க ஏலாட்டி, நீ வந்து என்னத்துக்கு?"

"சின்னக்கா, நீ படிச்சனி. உனக்கு விளங்கேல்லையோ? ஆம்பிளையள் குடிக்கிறது வேறை."

"ஓம், வேறைதான். அவையள் குடிச்சால் நாங்கள் அடி வாங்கிறது. அவ குடிச்சால் கோப்பை கழுவிறது."

தொலைபேசியை வைத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, அக்கா. உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுடலையில் விழுந்து அழுதவன் அவன்தான். அழுகிறதும் அவமானப்படுத்துகிறதும் ஒரே ஆளால் ஒரே கிழமையில் முடிகிறதே, அதைத்தான் என்னால் செமிக்க ஏலாமல் இருக்கிறது. அவன் வரலாம், வராமல் விடலாம். வந்தால் அவனுக்கும் சாப்பாடு இருக்கும். வராவிட்டால் அவன் இலையை நான் மடித்து வைத்துவிடுவேன்.

உனக்கு நான் தருகிற வாக்கு இது. திவசத்தன்று உன் இலைக்கு வலப்பக்கத்தில், மீன் குழம்புக்குக் கிட்ட, நான் மிதித்த வைன் இருக்கும். அறைக் கதவைச் சாத்துகிறபோது நான் மற்றவர்களோடு வெளியே போகமாட்டேன். உள்ளேதான் இருப்பேன். அது கெட்டுப்போன வைன் என்றால் ஒரு வாய்க்கு மேல் குடிக்காதே. நல்லதென்றால் முழுவதையும் குடி. எதுவென்று கிளாசைப் பார்த்து நான் அறிந்துகொள்வேன், அதுவும் இல்லாவிட்டால் அறியாமலே அடுத்த வருடத்துக்கும் மிதிப்பேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உனக்குப் பின்னால் தங்கிவிட்ட
தங்கச்சி மலர்
நயினாதீவு